ஆட்டம் பார்க்காத நார்பர்ட்

எங்கள் ஊர் ஆஷ்க்ரோவில் ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை மத்தியானம் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஊர் முழுக்க ஸ்டேடியத்தில் இருக்கும். போக முடியாதவர்கள் டிவி முன்னால் இருப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுப் பின்பக்கம் நின்று மேப்பிள் இலை வாரிக்கொண்டிருக்கும் ஒரே ஆண்பிள்ளை என் தம்பி நார்பர்ட் வார்னக்கி. ஸ்டேடியத்துக் கூச்சல் அவன் வீடு வரை நன்றாகவே கேட்கும். கூச்சல் கூடினால் உள்ளே போய் ஜன்னலைச் சாத்திக்கொள்வான்.

முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற எங்கள் அமெரிக்க ஃபுட்பால் அவனுக்குப் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். அவனைப் போல ஒரு ஃபுட்பால் பைத்தியம் ஒஹையோ மாநிலத்திலேயே கிடையாது. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

நார்பர்ட் ஊர்க் குடிநீர் நிலையத்தில் தண்ணீரைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே எதைப் பார்த்தாலும் வரிசைப்படுத்தாமல் அவனால் இருக்க முடியாது. சர்ச் பிக்னிக்கில் யார் சுட்ட ஆப்பிள் பை முதலாவது, யாருடையது கடைசி என்று எழுதி மரத்தில் ஒட்டி வைத்து, கடைசியில் வந்த அத்தையிடம் அறை வாங்கினவன். வாங்கிய பிறகும் அத்தையை ஒரு இடம்கூட மேலே ஏற்றவில்லை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், இவனோடு காலம் தள்ளுவது கஷ்டம் என்று.

பெரியவனானதும் அந்தப் பைத்தியம் ஃபுட்பாலில் வந்து நின்றது. ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து, கல்லூரி அணிகளை வரிசைப்படுத்த கம்ப்யூட்டரில் ஒரு கணக்கு எழுதினான். எந்த அணி எந்த அணியை ஜெயித்தது, அந்த அணி வேறு யாரை ஜெயித்தது என்று நூல் பிடித்துக்கொண்டே போகும் கணக்கு. அதை இன்டர்நெட்டில் போட்டான். சில வருஷம் கழித்து, கல்லூரி ஃபுட்பாலை நடத்துகிற பெரிய மனிதர்கள், நாங்கள் எடுத்துக்கொள்ளும் ஆறு கம்ப்யூட்டர்களில் உன்னுடையதும் ஒன்றாக இருக்கட்டும் என்று அவனைக் கேட்டார்கள். ஊரில் அவனுக்கு மரியாதை வந்தது. போஸ்ட் ஆபீசில் எனக்கே மரியாதை வந்தது.

எந்த அணி எத்தனாவது என்கிற பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்று சொன்னால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும். நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரி அணிகள் இருக்கின்றன. எல்லோரும் எல்லோருடனும் மோதுவதற்கு வருஷத்தில் சனிக்கிழமை போதாது. அதனால் யார் பெரியவன் என்பதை ஆடித் தீர்க்காமல் பேசித் தீர்க்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு, கோச்சுகள் போடும் ஓட்டு. இன்னொரு பங்கு, பத்திரிகைக்காரர்களும் பழைய ஆட்டக்காரர்களும் கொண்ட ஒரு கூட்டம் போடும் ஓட்டு. மூன்றாவது பங்கு அந்த ஆறு கம்ப்யூட்டர். அதிலும் ஒவ்வொரு அணிக்கும் ஆறு கம்ப்யூட்டர் கொடுத்த இடங்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தூக்கி எறிந்துவிட்டு, மீதி நாலைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள்.

ஓட்டுப் போடுகிற மனிதர்கள் லட்சணம் ஊருக்கே தெரியும். செப்டம்பரில் தோற்றால் நவம்பரில் மறந்துவிடுவார்கள். நவம்பரில் தோற்றால் அந்த அணி தொலைந்தது. மேற்குக் கரை ஆட்டங்கள் இங்கத்து நடுராத்திரியில் முடிவதற்குள் பாதிப் பேர் தூங்கிப் போயிருப்பார்கள். காலையில் ஸ்கோரைப் பார்த்துவிட்டு, எந்தக் கல்லூரிக்குத் தாத்தா காலத்துப் பேர் இருக்கிறதோ அதைத் தூக்கி மேலே வைப்பார்கள். கம்ப்யூட்டருக்குப் பேர் தெரியாது, ஊர் தெரியாது, அதனால் அது நியாயமாக இருக்கும் என்பது நார்பர்ட்டின் நம்பிக்கை. அந்தக் கம்ப்யூட்டர் கையையும் பிறகு கட்டிப்போட்டார்கள். எவ்வளவு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் எல்லா வெற்றியையும் ஒன்றாகத்தான் எண்ண வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. பெரிய அணிகள் புள்ளி எண்ணிக்கைக்காகச் சின்ன அணிகளைப் போட்டு மிதிக்கிறார்களாம், அதைத் தடுக்கவாம். நார்பர்ட் தன் கணக்கில் பாதியை வெட்டி எறிந்தான். அந்த வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

பெரிய மனிதர்கள் அவனைச் சேர்த்துக்கொண்ட அன்றே நார்பர்ட் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டான். நம் ஊர்க் கல்லூரி அணியின் ஆட்டத்தை இனிப் பார்ப்பதில்லை. ஸ்டேடியத்திலும் இல்லை, டிவியிலும் இல்லை. ஸ்கோர் மட்டும் மறுநாள் தெரிந்தால் போதும்.

"கம்ப்யூட்டர்தானேடா கணக்குப் போடுது? நீ பார்த்தா அதுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"கணக்கை எழுதுறது நான்தானே மார்லீன். பாத்தா மனசு சாயும். சாயலைன்னாலும் சாஞ்சிடுச்சும்பாங்க."

எங்கள் அணிக்கு உழவர்கள் என்று பெயர். பச்சைச் சட்டை, ஹெல்மெட்டில் ஒரு ஏர். என் மகன் டெரக் அந்த அணியில் நாலு வருஷம் ஆடினான். முன்வரிசையில் தடுப்பு ஆட்டக்காரன். பந்து அவன் கைக்கு வராது, டிவிக்காரன் அவனைக் காட்ட மாட்டான். எதிரே வருகிற மலைமாடுகளை நிறுத்திப் பிடித்து, பின்னால் இருக்கிறவனை ஓட விடுவது அவன் வேலை. தகப்பன் போன பிறகு அந்தப் பையனுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக் கொடுத்தது நார்பர்ட்தான். அந்த மாமன், நாலு வருஷத்தில், மருமகன் ஆடி ஒரே ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை. டெரக் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், "நேத்து எப்படிடா?" என்பான் மாமன். "பரவால்ல மாமா" என்பான் இவன். அவ்வளவுதான் பேச்சு. எனக்குத்தான் உருளைக்கிழங்குக் கிண்ணத்தை நார்பர்ட் தலையில் கவிழ்க்கலாமா என்று வரும்.

டெரக்கின் கடைசி வருஷம் உழவர்கள் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. எங்கள் வட்டாரக் கூட்டணி அணிகளை டிவிக்காரர்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பனியில் ஆட வைப்பார்கள், வேறு யாரும் ஆடாத நாள் என்பதால். அந்தப் பனியிலும் ஜெயித்தார்கள். நவம்பர் கடைசியில் வருகிற நன்றித் திருநாளுக்கு மறுநாள் கடைசி ஆட்டத்தையும் ஜெயித்து முடித்தபோது பட்டியலில் பன்னிரண்டாம் இடம். எங்களைப் போன்ற சின்னக் கூட்டணி அணி கடைசிப் பட்டியலில் பன்னிரண்டுக்குள் இருந்தால், புத்தாண்டுப் பெரிய பந்தயத்தில் இடம் உறுதி. நாடே பார்க்கும். பதின்மூன்று என்றால் எங்கேயோ ஒரு மூலையில் டிசம்பர் மாதத்துச் சின்னப் பந்தயம். எங்களுக்கு ஆட்டம் மிச்சமில்லை. மற்ற அணிகளுக்கு இன்னும் ஒரு சனிக்கிழமை இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

அந்த ஒரு வாரம் நார்பர்ட்டை ஊர் பிழிந்தெடுத்தது.

"நார்ப், ஒரு புள்ளி கூடப் போட்டா கம்ப்யூட்டர் வெடிச்சிடுமா?" என்று கேட்டான் முடி வெட்டுகிற க்ளெட்டஸ்.

"வெடிக்காது."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் அது கம்ப்யூட்டர் இல்லே, க்ளெட்டஸ். உன் ஆசை."

பாதிரியார்கூட விடவில்லை. "நார்பர்ட், அஞ்சு அப்பத்தை ஐயாயிரம் பேருக்குப் பெருக்கின ஆண்டவரை நெனச்சுக்கோ" என்றார் சர்ச் வாசலில். எல்லோரும் சிரித்தார்கள். நார்பர்ட்டும் சிரித்தான், ஆனால் காது சிவந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் தன் பட்டியலை மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டும். நான் காலைப் பூசை முடிந்து இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். உளவு பார்க்கத்தான் போனேன், வேறெதற்கு. சமையலறை மேஜையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நம்ம பசங்க எத்தனாவது?"

"எங்கிட்டப் பதினஞ்சு."

"பதினஞ்சா! அடப்பாவி."

"மத்த அஞ்சு பேர் மேல வச்சிருக்கலாம். அது பிரச்சினை இல்லே மார்லீன். இதைப் பாரு."

ஹாலோவே ஸ்டேட் என்று ஒரு அணி. அக்டோபரில் நாங்கள் அவர்களை ஜெயித்திருந்தோம். அந்த ஹாலோவே, செப்டம்பரில் ஒரு சின்னக் கல்லூரியோடு ஆடும்போது மூன்றாம் பகுதியில் இடி மின்னல் வந்து ஆட்டம் நின்றுபோயிருக்கிறது. திரும்ப ஆடவில்லை. கணக்கில் வராத ஆட்டம். ஆனால் நார்பர்ட் ஸ்கோர் வாங்குகிற இடத்தில் யாரோ அதை ஹாலோவேக்கு வெற்றி என்று போட்டுவிட்டார்கள். மூன்று மாதமாக அந்த வெற்றி அவன் கணக்கில் குந்தியிருந்தது. ஹாலோவே பலமான அணி என்றால் அதை ஜெயித்த நாங்களும் பலமான அணி. அந்த வெற்றியைப் பிடுங்கினால் எங்களுக்கும் சரிவு.

"எடுத்தா எவ்வளவு எறங்கும்?"

"பதினேழு."

"எடுக்காதே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தேன்.

"நார்ப், கேளு. மூணு மாசமா இருந்துச்சு. ஒருத்தனும் கண்டுபிடிக்கலே. ஒரு மணி நேரம் கண்ணை மூடிக்கிட்டு இரு. நாளைக்கு எடு. நான் வேணும்னா உன்கூட உக்காந்து எடுக்கறேன்."

"நாளைக்குப் பட்டியல் இல்லையே."

"அதான்டா சொல்றேன்!"

"நடக்காத ஆட்டத்தை நடந்துச்சுன்னு எப்படி அனுப்பறது?"

"எவனெவனோ தூங்கிட்டு ஓட்டுப் போடறான். பேரைப் பாத்து ஓட்டுப் போடறான். அவனுக்கெல்லாம் இல்லாத ரோஷம் உனக்கு மட்டும் எதுக்கு? டெரக்குக்கு இது கடைசி வருஷம். இனிமே அவன் ஹெல்மெட் மாட்டப் போறதில்லே. ஜனவரியிலேருந்து கான்கிரீட் லாரி ஓட்டப் போறான். ஒரே ஒரு தடவை, ஒரு பெரிய மைதானத்துல அவன் நிக்கறதை நான் பாக்கணும். உன்னை வேற என்ன கேட்டேன் இத்தனை வருஷத்துல?"

நார்பர்ட் என்னைப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்தால் மூக்கின் நுனிதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

"மோசமான எண்ணைத் தூக்கிப் போட்டுடுவாங்கல்ல?" என்றேன். "உன்னோடதா இருந்தா வம்பே இல்லையே."

"போன வாரம் தெற்கத்தி ஆள் ஒருத்தரோடதுதான் மோசமா இருந்துச்சு. அதைத்தான் தூக்கினாங்க. இந்த வாரம் யாரோடது எப்படின்னு சாயங்காலம்தான் தெரியும். என்னோடது உள்ள வந்துச்சுன்னா, இந்த ரெண்டு எடத்துல நாம வெளிய போயிடலாம்."

"அப்ப தெரிஞ்சே பண்றே."

"தெரிஞ்சுதான் மார்லீன்."

அந்த ஆட்டத்தை அழித்தான். கணக்கை மறுபடி ஓட விட்டான். பதினேழு என்று வந்தது. அனுப்பினான். நான் ரொட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு துண்டுகூட அவனுக்கு வைக்கவில்லை. இன்று அந்த நிலைமை வந்தாலும் அதையேதான் கேட்பேன், அதே தட்டோடுதான் வெளியே வருவேன். தாய்க்கு நியாயம் வேறு.

அன்று சாயங்காலம் கல்லூரி ஜிம்மில் பெரிய திரை வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் எல்லோரும் பச்சைச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பாண்டு வாத்தியம், மூன்று டிவி கேமரா. பன்னிரண்டாவது இடம் வந்தபோது வேறொரு அணியின் கொடி தெரிந்தது. முந்தின நாள் ஜெயித்த ஒரு பெரிய கல்லூரி. பதின்மூன்றில் நாங்கள். வித்தியாசம் கடுகளவு என்று திரையில் இருந்தவன் சொன்னான், ஏதோ சுவாரசியமான சங்கதி சொல்வது போல. வாத்தியக்காரப் பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்கள். டெரக் திரும்பி என்னைத் தேடினான். நான் கையை ஆட்டினேன். என்னத்துக்கு ஆட்டினேனோ தெரியவில்லை.

மறுநாள் காலை நார்பர்ட் வீட்டுப் புல்வெளியில் யாரோ ஒரு உடைந்த கம்ப்யூட்டர் பெட்டியைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். அவன் அதைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு, பழைய சாமான் எடுக்கிற இடத்தில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனானாம். க்ளெட்டஸ் சொன்னான். ஊரே பார்த்திருக்கிறது, ஒருவரும் கை கொடுக்கவில்லை. நானும் போகவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ரசிகர் சங்கச் சாப்பாடு. சீசன் முழுக்க வாராவாரம் நடக்கும். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் சமைப்போம், கோச் ஹாலிஸ்டர் வந்து பேசுவார். அன்று நான் சமையல்கட்டில் பன்றிக்கறி அடுக்கிக்கொண்டே மேஜையில் கிடந்த செய்தித்தாளைப் பார்த்தேன். கோச்சுகளின் கடைசி ஓட்டை மட்டும் பேரோடு வெளியிடுவார்கள். யார் யாரை எங்கே வைத்தார்கள் என்று முழுப் பக்கம். பக்கத்திலேயே ஆறு கம்ப்யூட்டரின் எண்களும் இருந்தன. எங்கள் அணிக்கு எதிரே பதினொன்று, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதின்மூன்று, பதின்மூன்று, பதினேழு. பதினேழின் மேல் குறுக்கே ஒரு கோடு. தூக்கி எறிந்ததற்கு அடையாளம்.

கோடு போட்ட அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். பதினேழு இருந்த இடத்தில் பதினைந்து இருந்திருந்தாலும் அந்தக் கோடு அங்கேயேதான் விழுந்திருக்கும். நானும் அவனும் சமையலறையில் உட்கார்ந்து மல்லுக்கட்டினது குப்பைக்குப் போகிற ஒரு எண்ணுக்காக.

பிறகு கோச்சுகளின் ஓட்டுக்குப் போனேன். எங்களை எட்டாவதாக வைத்தவர் உண்டு, பத்தாவதாக வைத்தவர் உண்டு. நாங்கள் மண்ணைக் கவ்வ வைத்த ஒரு அணியின் கோச் எங்களுக்கு ஒன்பது கொடுத்திருந்தார். எங்கள் கோச் ஹாலிஸ்டர் எங்களுக்குக் கொடுத்தது பதினாறு. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். பதினாறுதான். கீழேயே பத்திரிகைக்காரன் எழுதியிருந்தான்: ஹாலிஸ்டர் தன் அணியைப் பன்னிரண்டில் வைத்திருந்தாலே போதும், உழவர்கள் புத்தாண்டுப் பந்தயத்தில் இருந்திருப்பார்கள் என்று.

வெளியே ஹாலில் கோச் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம பசங்க களத்துல தோக்கலே. நம்மளக் கவுத்தது ஒரு மெஷின். அதுவும் நம்ம ஊர்த் தண்ணியக் குடிக்கிற மெஷின்!" ஹால் முழுக்கக் கைதட்டல். இரண்டு மூன்று பேர் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஏப்ரனோடு, கையில் பேப்பரோடு வெளியே போனேன்.

"கோச், ஒரு நிமிஷம். இதுல உங்க ஓட்டுன்னு போட்டிருக்கானே, நம்மளப் பதினாறாவதா வச்சது நீங்கதானா?"

ஹால் அடங்கியது. கோச் பேப்பரை வாங்கிப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று நினைத்தேன். வந்தது வெறும் ஆச்சரியம்.

"அட! இது பிரையன் போட்டதும்மா."

"யாரு பிரையன்?"

"நம்ம ஆபீஸ் பையன். எனக்கு ஞாயித்துக்கிழமை வேலை தலைக்கு மேல. ஓட்டை எப்பவும் அவன்தான் போடுவான். எல்லாக் கல்லூரியிலயும் அப்படித்தானே."

பிரையன் அங்கேயே இரண்டாவது மேஜையில் இருந்தான். பையன் என்றால் முப்பத்தைந்து வயசுப் பையன். எழுந்து நின்றான்.

"நான் தப்பா ஒண்ணும் பண்ணலேங்க. எப்பவும் போற மாதிரிதான். போன வாரப் பட்டியலை எடுத்துக்குவேன். ஜெயிச்சவங்களை மேல ஏத்துவேன், தோத்தவங்களை எறக்குவேன். நாம அந்த வாரம் ஆடலேல்ல? அதனால ஜெயிச்சவங்க நம்மளத் தாண்டிப் போயிட்டாங்க."

"நம்ம பேருப்பா அது! உழவர்கள்னு எழுதியிருந்துச்சே, கண்ணுல படலையா?" என்றேன்.

"சொந்த அணிக்குச் சாதகமா போட்டா அசிங்கமா இருக்குமேன்னு…"

கோச் சிரித்துவிட்டார். பிரையனின் தோளில் தட்டினார். "பாத்தீங்களா, எங்க ஆபீஸ்ல எவ்வளவு நேர்மைன்னு!" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், ஹால் முழுக்க அவரோடு சேர்ந்து சிரித்தது. க்ளெட்டஸ் சிரித்தான். பாதிரியார் சிரித்தார். காலையில் என் தம்பி புல்வெளியில் குப்பை கொட்டின ஊர், தன் கோச்சே தன் கழுத்தை அறுத்ததைக் கேட்டுவிட்டுச் சிரித்து, பன்றிக்கறியை இன்னொரு துண்டு கேட்டது. மூன்றாம் நாள் கோச் ஹாலிஸ்டர் தெற்கே ஒரு பெரிய கல்லூரிக்குப் போய்விட்டார். டிவியில் வேறு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றார். அதற்கும் யாருக்கும் கோபம் வரவில்லை. முன்னேற வேண்டிய மனிதர்தானே என்றார்கள். க்ளெட்டஸின் கடையில் இன்று போனாலும், அந்த வருஷம் நம்மைக் கவிழ்த்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். நார்பர்ட்டின் கம்ப்யூட்டர் என்றுதான் சொல்வான்.

நான் அன்று பாத்திரம் கழுவக்கூட நிற்காமல் குடிநீர் நிலையத்துக்குப் போனேன். நார்பர்ட் ஒரு கண்ணாடிக் குழாயில் தண்ணீரை வைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தான். பேப்பரை அவன் முன்னால் போட்டேன்.

"உன் எண்ணைத் தூக்கிப் போட்டிருக்காங்கடா."

"தெரியும். நேத்து சாயங்காலமே பாத்தேன்."

"தெரிஞ்சா எங்கிட்டச் சொல்ல மாட்டியா? ஊர்ல சொல்ல மாட்டியா? வாசல்ல குப்பை கொட்டறாங்க, நீ பாட்டுக்கு அள்ளிக்கிட்டிருக்கே!"

"சொன்னா? என் எண்ணு செல்லாதுன்னு நானே மைக் போட்டுச் சொல்லணுமா?"

ஹாலிஸ்டர் கதையைச் சொன்னேன். பிரையன் கதையைச் சொன்னேன். அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கண்ணாடிக் குழாயை அதன் இடத்தில் வைத்தான். கையைத் துடைத்துக்கொண்டான்.

"நாலு வருஷம் ஜன்னலைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன் மார்லீன்" என்றான். "இதுக்கா?"

கோபமாகத்தான் சொன்னேன், வேறு மாதிரி எனக்குப் பேசத் தெரியாது.

"சின்னப் பந்தயத்துக்குப் போறேன். கார்ல எடம் இருக்கு."

"கடைசிப் பட்டியல் போட்டாச்சே" என்றான், என்னிடம் அனுமதி கேட்பவன் போல. "இனிமே பாக்கலாம், இல்லையா?"

சின்னப் பந்தயம் தெற்கே ஒரு ஊரில், பேஸ்பால் மைதானத்தில் கோடு போட்டு நடத்தினார்கள். காலையிலிருந்து தூறல். பார்க்க வந்தவர்களை விடப் பாப்கார்ன் விற்கிறவர்கள் அதிகம். நார்பர்ட் பத்து வருஷத்துக்கு முந்தைய பச்சைத் தொப்பியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பெட்டியிலேயே கிடந்ததில் மடிப்பு விழுந்திருந்தது. ஆட்டம் தொடங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"எங்க நிப்பான்?"

"என்னடா?"

"டெரக். எந்தப் பக்கம் நிப்பான்?"

ஒவ்வொரு ஆட்டத்தின் ஸ்கோரையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவன், தன் மருமகன் எந்தப் பக்கம் நிற்பான் என்று என்னைக் கேட்டான். "இடப்பக்கம். சட்டையில எழுபத்திரெண்டு" என்று காட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. எல்லோர் தலையும் பந்து போகிற பக்கம் திரும்பும், இவன் தலை மட்டும் எழுபத்திரண்டின் மேலேயே இருக்கும். டெரக் ஒருவனை மல்லாக்கத் தள்ளினால், "பாத்தியா! பாத்தியா மார்லீன்!" என்று எழுந்து குதித்தான். எங்கள் பையன்கள் புள்ளி எடுத்ததுகூடத் தெரியாமல், "இப்ப எதுக்குக் கத்தறாங்க?" என்று கேட்டான். பாதி ஆட்டத்திலேயே அவனுக்குக் குரல் போய்விட்டது. நாங்கள் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தோம். எவ்வளவு என்று அவன் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்து டெரக் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வேலி ஓரம் வந்தான். முகமெல்லாம் சேறு. பல் மட்டும் தெரிந்தது.

"எப்படி மாமா? எனக்கு எத்தனாவது இடம் குடுப்பே?"

நார்பர்ட் வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அத்தை சுட்ட ஆப்பிள் பையைக்கூட வரிசைப்படுத்தினவன், வாயைத் திறந்து திறந்து மூடினான்.

"இன்னொரு ஆட்டம் பாக்கணும்டா" என்றான். "ஒண்ணை மட்டும் பாத்துட்டு எப்படிச் சொல்றது?"

டெரக் ஹெல்மெட்டை வேலிக்கு மேலாக அவனிடம் நீட்டினான்.

"அவ்ளோதான் மாமா. இனிமே ஆட்டம் இல்லே."